தம்பிராசாவின் விண், கந்தப்புவின் பட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பத்திரிகைச் செய்தியில் பிறந்தது. ஒரு றொக்கற் கம்பனி தன் போட்டிக் கம்பனியின் செய்மதியைச் சுமந்துபோய் வானத்தில் விட்டதாம். எதிரியின் சாமானை எவனாவது தலையில் சுமப்பானா என்று சிரித்தேன். பிறகு வல்வெட்டித்துறைக் கந்தப்புவை எழுதத் தொடங்கினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

[முதல் தொடக்கம்: "கடற்கரையில் காற்று..." வேண்டாம். கடற்கரைக் கதை எல்லாவற்றிலும் காற்றுத்தான் முந்திக்கொள்கிறது.]

2

1995 தைப்பொங்கல், வல்வெட்டித்துறைக் கடற்கரை. சண்டை நின்று ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு பட்டப்போட்டி. நன்றாகக் கூவும் பட்டத்துக்குப் பரிசு. ஆளுயரப் பட்டத்தோடு நின்ற கந்தப்புவிடம் அவருடைய பழைய போட்டிக்காரர் தம்பிராசா வந்தார். ஷெல் விழுந்து வலக்கை போன மனிதர். இடக்கையில் ஒரு விண்: பட்டத்தின் தலையில் கட்டினால் காற்றில் கூவுகிற நார் வில். கை போகுமுன் சீவிய கடைசி விண். உடைந்தால் இன்னொன்று இல்லை.

"உன்ரை பட்டத்திலை ஏத்துவியோ?"

"ஏத்தினால், கேக்கிறவை உன்ரை பேரையெல்லோ சொல்லுவினம்?"

"ஓம். விழுந்தால் உன்ரை பேரைச் சொல்லுவினம்."

கந்தப்பு தன் விண்ணைக் கழற்றி மணலில் வைத்தார்.

3

இங்கேதான் எனக்குக் கந்தப்புமேல் சந்தேகம். தம்பிராசாவின் விண் பாரம் கூடியது. பட்டத்தின் நெஞ்சில் கட்டும் மூன்று நூலை, அந்த முச்சையை, கந்தப்பு தன் சின்ன விண்ணுக்கு அளந்து கட்டியிருந்தார். மாற்றாமல் ஏற்றினால் பட்டம் குத்துக்கரணம் அடிக்கும். அது அவருக்கு மட்டுமே தெரியும். சும்மா இருந்தாலே போதும், எதிரியின் கதை முடிந்துவிடும்.

கதையை முதலில் எழுதிய படியில் அவரைச் சும்மா இருக்கவிட்டேன். விண் பாறையில் சிதறியது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். (பொய். மேசை லாச்சிக்குள் இருக்கிறது.)

இந்தப் படியில் கந்தப்பு மணலில் குந்தினார். முச்சையை அவிழ்த்து, மூன்று தரம் அளந்து, புதிதாகக் கட்டினார்.

"நீ பிடிச்சு விடு. நான் இழுக்கிறன்."

4

போட்டியின் முதற்பட்டமாக அது ஏறியது. ஒருமுறை சரிந்தது. கந்தப்பு கயிற்றைச் சுண்டி இழுத்தார். பிறகு நிமிர்ந்தது, விண் கூவத் தொடங்கியது.

வானத்தில் இரைச்சல் கேட்டாலே குண்டு போடும் விமானம் என்று பழகிய ஊர் என்ன செய்யும்? கரையோரச் சனமெல்லாம் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், பாய்ந்தது. தம்பிராசாவின் மனைவி இரத்தினம்மா அகப்பையோடு பாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மெல்லத் தலையை நீட்டினாள்.

"ஐயோ, உது எங்கடை மனிசன்ரை விண்ணெல்லோ!"

பங்கர் பங்கராகச் சிரிப்புக் கிளம்பியது. தம்பிராசா சிரித்துக்கொண்டே அழுதார்.

"கேட்டியோ, உன்ரை பேரைத்தான் சொல்லுகினம்," என்றார் கந்தப்பு. அவருடைய நெஞ்சிலிருந்த பாரமும் இறங்கியிருந்தது.

5

பரிசு யாருக்கு? கந்தப்புவுக்குக் கொடுத்துப் பார்த்தேன், தம்பிராசாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன். நடுவர்களும் பங்கருக்குள் இருந்ததால் எதுவும் பொருந்தவில்லை. நீங்களே கொடுங்கள்.

ஒன்று மட்டும்: பட்டத்தை இறக்கச் சொல்லாதீர்கள். இறக்கினால் அடுத்த நாளை எழுதவேண்டும், அப்படியே ஏப்ரல் வந்துவிடும், ஏப்ரலில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. நான் எழுதமாட்டேன். இங்கே இன்னும் பொங்கல் பின்னேரம்தான். கந்தப்புவுக்குக் கை உளைகிறதாம்; தம்பிராசாவும் இடக்கையால் கயிற்றைப் பிடித்திருக்கிறார். நீங்களும் வந்து ஒரு கை பிடியுங்கள்.