ஊசி டப்பாவில் ஒரு டிஸ்க்

தெருவில் அவருக்குப் பெயர் கம்ப்யூட்டர் டாக்டர். படித்தது என்னவோ நில அளவை. ஆனால் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் தும்மினாலும் அவர்தான் போய் நாடி பிடிப்பார். கோப்புகளையெல்லாம் பூட்டிப்போட்டுச் சாவிக்குக் காசு கேட்கும் வைரஸ் ஒன்று எங்கும் பரவுகிறது என்று காலைச் செய்தியில் சொன்னதும், மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வீடு வீடாகப் போய், அப்டேட் போட்டாயிற்றா என்று மிரட்டி, போடாதவர்களின் நெட் இணைப்பைப் பிடுங்கினார். 'பிறகு பார்க்கலாம்' என்று அமுக்கிவிட்டுப் போகிறவர்களால்தான் உலகமே கெடுகிறது என்று கூடவே ஒரு பிரசங்கம்.

மெக்கானிக் வீட்டில்தான் பிரசங்கம் நின்றது. திரை முழுக்கச் சிவப்பு, பூட்டு விழுந்தாயிற்று. பக்கத்தில், ஒயரோடு செருகியபடி, டாக்டருடைய கறுப்பு டிஸ்க்.

"நீங்க குடுத்த படம்தாண்ணே. இன்னும் ரெண்டு பாக்கி இருந்துச்சு," என்றார் மெக்கானிக், ஏதோ சாப்பாட்டைப் பாதியில் பறித்துவிட்டதைப் போல.

டிஸ்க்கில் சினிமா மட்டும் இல்லை. டாக்டரின் மனைவி வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்ட எம்பிராய்டரி டிசைன்களுக்கு அதுதான் இரண்டாவது பிரதி. இடம் சும்மா கிடக்கிறதே என்று அதில் படங்களை ஏற்றியவரும், தெருவெல்லாம் சுற்றவிட்டுப் பெயர் வாங்கியவரும் டாக்டரேதான். இப்போது அதுவும் பூட்டிக்கொண்டது. மிச்சமிருப்பது வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரே பிரதி. அதற்கு மாதக்கணக்காக அப்டேட் போடாமல் 'பிறகு பார்க்கலாம்' என்று அமுக்கிவந்தது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போதாக்குறைக்கு, காலையில் அதை அணைக்காமலே வேறு வந்திருந்தார்.

டாக்டர் ஓடி அன்றுதான் தெரு பார்த்தது. செருப்பில் ஒன்று மெக்கானிக் வாசலிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் மனைவி, ஒரு ஹோட்டலுக்குக் கொடுக்க வேண்டிய திரைச்சீலைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் கொடியும் பூவும் ஒரு குறையுமில்லாமல் இருந்தன. டாக்டர் குனிந்து பார்த்தார். மோடத்தின் ஒயர் தரையில் கிடந்தது. அதன் பிளக் பாயின்ட்டில் இஸ்திரிப்பெட்டி. இப்படிப் பிடுங்குவதற்காக மனைவியோடு அவர் போடாத சண்டை இல்லை.

"நெட்டு வேணும்னா கொஞ்சம் பொறுங்க, ஒரு திரைதான் பாக்கி."

"அவசரமில்லம்மா. மெதுவாவே தேய்."

அந்தக் குழைவிலேயே மனைவிக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. டாக்டர் சத்தம் காட்டாமல் அப்டேட்டைக் கைபேசியில் இறக்கி, கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அது முடிகிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கடைக்குப் போய்ப் புது டிஸ்க் வாங்கிவந்தார்.

"பழசு எங்க?"

டாக்டர் முணுமுணுத்ததில் மெக்கானிக் என்ற சொல் மட்டும் வெளியே வந்தது.

"அப்ப நான் கண்ணு வலிக்கப் போட்டதெல்லாம் வீடு வீடாப் போய் சினிமா பாத்துட்டிருந்திருக்கு," என்றார் மனைவி. குரல் உயரவில்லை. பிரதி எடுத்து முடிந்ததும் டாக்டர் நீட்டிய கையைக் கவனிக்காமல் டிஸ்க்கைக் கழற்றி, தன் ஊசி டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டார்.

சில நாள் கழித்து மெக்கானிக் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, புது டிஸ்க் வந்திருக்கிறதாமே, அந்த ரெண்டு படம் இருக்குமா என்று இழுத்தார்.

"ஊசி வேணும்னா கேளுங்கண்ணே, தரேன். நூலும் தரேன்," என்றார் மனைவி.

டாக்டர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மோடத்தைத் தானே பிடுங்கிவிட்டு, இஸ்திரிப்பெட்டியைச் செருகிக்கொண்டிருந்தார்.