ஒரே பச்சை லேபிள்

அந்தத் தையல்காரம்மா முழங்கால் ஆபரேஷனுக்கு வந்தவர். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக அவர் முதுகில் ஊசி போட்டது மயக்க மருந்து டாக்டரம்மா. பதினெட்டு வருடப் பழக்கம். ஆனால் கால் மரக்கவில்லை. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டரம்மா குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினார். கையில் வந்தது ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தின் குப்பி. மரத்துப்போக வைக்கும் மருந்துக்கும் அதே அளவு குப்பி, அதே பச்சை லேபிள். மறுநாள் மத்தியானம் அந்தம்மா போய்விட்டார்.

மூடி மறைத்துவிடலாம் என்று நிர்வாகம் ஜாடை காட்டியது. டாக்டரம்மா மசியவில்லை. இறந்தவரின் கணவரிடம் நடந்ததைச் சொன்னார். மயக்க மருந்து டாக்டர்கள் சங்கத்துக்கும் தன் பெயர் போட்டே எழுதினார். சங்கம் அவரைப் பாதுகாப்புக் குழுவில் சேர்த்துக்கொண்டது. லேபிளை மாற்றச் சொல்லி மருந்துக் கம்பெனிக்கும் அரசு அலுவலகத்துக்கும் மூன்று வருடம் நடையாய் நடந்தார். அதே கதையைச் சொல்லி மற்ற ஊர் டாக்டர்களிடமிருந்து இன்னும் பதினொரு கடிதங்கள் வந்தன.

"லேபிளை மாத்தணும்னா அரசாங்கம் சொல்லணும்," என்றார் மருந்துக் கம்பெனிக்காரர்.

"கம்பெனி மனு போடட்டும்," என்றார் அதிகாரி.

கடைசியில் சங்கத்தால் முடிந்தது ஒரு சுற்றறிக்கை. இரண்டு மருந்தையும் தனித்தனி அலமாரியில் வையுங்கள். ஊசியில் ஏற்றும் முன் இரண்டு பேர் பெயரை உரக்கப் படியுங்கள்.

நான்கு மாதம் கழித்து, கூடப் படித்த நண்பன் ஒல்லி போன் செய்தான். அவனும் வேறொரு ஊரில் மயக்க மருந்து டாக்டர்தான்.

"நானும் அதே மருந்தை மாத்திப் போட்டுட்டேன். பஸ் டிரைவர் ஒருத்தர். வெண்டிலேட்டர்ல இருக்கார்."

"சுற்றறிக்கை வரலையாடா?"

"ஆபரேஷன் தியேட்டர் சுவத்துலயே ஒட்டியிருக்கு. வாங்கிக் கையெழுத்துப் போட்டதே நான்தான். அன்னிக்கு ஒரே நர்ஸ், ஆறு கேஸ். யார்கூட சேர்ந்து படிக்கச் சொல்ற? அலமாரியும் ஒண்ணுதான்."

"சங்கத்துக்கு எழுதி அனுப்பு," என்றார் டாக்டரம்மா.

"அனுப்பினா பிழைச்சிடுவாரா?"

பிழைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஒல்லியின் கடிதத்தை வாசித்தார்கள். டாக்டரம்மா எழுந்து, "ரெண்டாவது ஆள் இல்லாம கேஸ் எடுக்கக்கூடாதுன்னு எழுதுவோம்," என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதலாம்மா. அப்புறம் பாதி ஆஸ்பத்திரில பிரசவ ஆபரேஷனே நின்னுடும். அந்தச் சாவை யார் தலையில கட்டறது?"

பழைய சுற்றறிக்கையையே பெரிய எழுத்தில் அச்சடித்து மறுபடி அனுப்புவதென்று தீர்மானம் வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஆதரிக்க அங்கே வேறு எதுவும் இல்லை. டாக்டரம்மாவும் கை தூக்கினார்.