இரண்டு குடம் நல்ல தண்ணீர்

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன எண்பத்தாறாம் வருஷத்தில் எங்கள் தெருவில் மொத்தம் பதினோரு வீடுகள். பத்து வீட்டில் உப்புத் தண்ணீர். ஒரே ஒரு வீட்டில் நல்ல தண்ணீர். அந்த ஒரு வீடு எனக்கு அடுத்த வீடாக வாய்க்க வேண்டுமா? ரத்தினபாய் டீச்சர் வீடு.

எங்கள் குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். பாத்திரத்தில் படிகிற வெள்ளைக் கறையைப் புளி போட்டுத் தேய்த்தே என் விரல் நுனியெல்லாம் வெடித்துப் போனது. அதனால் தினமும் காலை ஆறு மணிக்குக் குடத்தோடு டீச்சர் வீட்டுக் கேட்டில் போய் நிற்பேன். வீட்டுக்கு இரண்டு குடம். அது டீச்சர் போட்ட சட்டம்.

இல்லையென்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் குடத்துக்கு ஒரு பேச்சும் சேர்த்துத்தான் கொடுப்பார். "செல்வமேரி, குடத்தை உள்ள விளக்குற பழக்கமே இல்லையா?" "ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆளைக் காணோமே?" ரிட்டயர் ஆகியும் எதிரில் நிற்கிறவர்கள் எல்லாம் அவருக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான். ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தொண்ணூற்றொன்றில் என் மகள் பேபிக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். விருந்துக்கு அறுபது பேரைக் கூப்பிட்டிருந்தோம். அன்றைக்கு மட்டும் நாலு குடம் கூடுதலாகக் கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் டீச்சர் சொன்னார்: "ஊரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி தண்ணிக்கு வழி பார்த்திருக்கணும். இது கிணறா, சமுத்திரமா?"

சாம்பாரில் பருப்பு கல்லு கல்லாக மிதந்தது. என் நாத்தனார் பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாளே என் கணவர் தேவானந்தத்தைப் பிடித்துக்கொண்டேன். "நமக்குன்னு சொந்தமா நல்ல தண்ணி வேணும். இனிமே அந்தம்மா வாசல்ல நான் போய் நிக்க மாட்டேன்."

நீரோட்டம் பார்க்கிற குப்பன் வந்தார். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனை முழுக்க நடந்தார். எங்கேயும் அசையாத தேங்காய் மதில் ஓரம் வந்ததும் எழுந்து நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆறடி தள்ளி டீச்சரின் கிணறு.

"ஊத்து இங்கதாம்மா கீது. அந்த வூட்டுக் கெணத்துக்கு வர்ற அதே ஊத்து. அறுபது அடியில நிறுத்திக்க. அதுக்குக் கீழ போனா உப்பு ஏறிகினு வரும். ரெண்டு வூட்டுக்கும் பேஜாராப் பூடும்" என்றார் குப்பன்.

டீச்சரின் கிணறு ஐம்பது அடி. அறுபது எனக்குப் போதவில்லை.

"நூத்தம்பது அடி போர் போடச் சொல்லுங்க" என்றேன்.

"அவர்தான் சொல்றாரே மேரி" என்றார் தேவானந்தம்.

"கோடையில அங்க வத்தினாலும் இங்க வத்தக் கூடாது."

நான்தான் சொன்னேன். இதில் வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை.

தண்ணீர் வந்தது. அப்படி ஒரு தண்ணீர்! மூன்று விசிலில் பருப்பு குழைந்துவிட்டது. நான் கேட்டைத் திறந்து வைத்து, எத்தனை குடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தெருவுக்கே சொன்னேன். எனக்குப் பெரிய மனசு என்றார்கள். மனசாவது, மண்ணாவது. டீச்சர் வீட்டுக் கேட்டில் ஒரு ஆள் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். காலையும் மாலையும் மோட்டார் ஓடியது. டீச்சர் ஜன்னலிலிருந்து பார்ப்பது தெரியும். எனக்குக் குளுகுளுவென்று இருக்கும்.

அடுத்த மே மாதம் டீச்சரின் கிணறு வற்றியது. வாளி அடித்தரையில் மோதுகிற சத்தம் மதில் தாண்டிக் கேட்டது. அதே வாரம் ஒருநாள் எங்கள் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தேன். கரித்தது. பழைய உப்பை விட மோசமான உப்பு.

யாரிடமும் மூச்சு விடவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிக் கேட்டைப் பூட்டினேன்.

நாலாம் நாள் காலை டீச்சர் வந்தார். என் வாசலுக்கு முதல் தடவையாக. இடுப்பில் ஒரு குடம்.

"செல்வமேரி, டேங்க்ல மிச்சம் இருந்தா ஒரு குடம் குடுப்பியா? சாருக்குக் கஞ்சி வைக்கணும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் கணவர் ஜெபசீலன் சார் படுத்த படுக்கையாகி மூன்று மாதம்.

இந்த நிமிஷத்துக்காகத்தானே நான் தவம் கிடந்தேன்? சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டீச்சர், என் தண்ணீரும் உப்பாகிவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடத்தை வாங்கிக் கழுத்துவரை நிரப்பி, நானே தூக்கி அவர் இடுப்பில் வைத்தேன்.

"நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதில் ஓரத்தில் போய் நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். சார் காறித் துப்புவது கேட்டது.

"என்ன எழவுத் தண்ணி இது? வாயில வைக்க முடியல."

"மெதுவாப் பேசுங்க, அவ காதுல விழப்போகுது" என்றது டீச்சரின் குரல். "தெருவுக்கே ஊத்தின பொண்ணு. தண்ணி மாறினது அதுக்கு இன்னும் தெரியாது போல. தெரிஞ்சா மனசு விட்டுப் போயிடும்."

வாசலில் வந்து நின்று என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நன்றாகக் கொடுத்திருப்பேன். அதற்கு ஐந்து வருஷமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.