ஷெட்டுக்குள் பறக்காத தூசி

கடைக்காரர் அளவுக்கு மீறிச் சிரித்தார். அப்போதே எனக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது.

"வீட்டுல மரம் அறுக்கிற தூசியை உறிஞ்ச இந்தப் பை வச்ச மெஷினே தாராளம்மா," என்றார்.

பையைத் தடவிப் பார்த்தேன். ஜன்னல் திரைக்குத் தைக்கலாம், அப்படி ஒரு துணி. "மரச்சுருள் நிக்கும். மாவு மாதிரி பறக்குமே, அது இதுல நிக்குமா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. உள்ளே போய், மடிப்பு மடிப்பாக ஃபில்டர் வைத்த வேறொன்றை உருட்டி வந்தார்.

கூட வந்திருந்த என் கணவர் குனிந்து அதன் குழாயைத் தடவிப் பார்த்தார். லீவு நாளில் கார் ஷெட்டில் மரம் அறுப்பது ஒன்றுதான் அந்த மனுஷனுக்குச் சந்தோஷம். அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எங்கள் வாண்டுக்கு இளைப்பு. மரத்தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதை வாங்கினப்புறமும் அவளுக்கு மூச்சு வாங்குச்சுன்னா ரம்பத்தை வித்துடணும்," என்றேன்.

"சரி," என்றார். இவ்வளவு சட்டென்று ஒத்துக்கொள்கிறாரே என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

அவர் வேலை செய்த முதல் லீவு நாளன்றே அவளுக்கு நெஞ்சு கீச்சிட்டது. மருந்தை உறிஞ்ச வைத்து, முதுகை நீவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"மெஷினைப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"கடைசி வரைக்குமா? சத்தமா இருக்குன்னு நடுவுல நிறுத்தலையே?"

"என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

எனக்கு அப்படித்தான் இருந்தது. அடுத்த லீவு நாளில் நானே ஷெட்டுக்குள் போனேன். கதவைச் சாத்தி விளக்கை அணைத்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் மெஷினைப் போட்டுவிட்டு ஒரு பலகையை அறுத்தார். ஃபில்டர், குழாய், மூட்டு என்று ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்தேன். எங்கும் ஒன்றும் பறக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வந்தவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கதவைத் திறந்தோம். வாசலில் காத்திருந்தவள் "அப்பா" என்று ஓடிவந்து தாவினாள். அவர் வழக்கம்போல அள்ளித் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அணைக்க மறந்திருந்த டார்ச் வெளிச்சத்தில், அவர் சட்டையிலிருந்து தூசி புகையாகக் கிளம்பியது. அவள் அதில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

அவரும் பார்த்துவிட்டார். அவளை அவசரமாகக் கீழே இறக்கினார்.

"கிட்ட வராதம்மா. நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

அவர் அவளிடம் இதுவரை அப்படிச் சொன்னதே இல்லை. அவள் மறுபடி கையை நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தார்.

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள வச்சு அப்பாவ என்ன சொன்ன?"