வேலைக்கு வராத ஜெயவேலு

கம்பெனியில் ஆள் குறைப்பு என்று பேச்சு கிளம்பியதும் ஜெயவேலு அண்ணன் திருப்போரூர் முருகனிடம் ஓடினார். வேலை போகாமல் இருந்தால் மொட்டை போடுவதாக வேண்டுதல். வேலை போகவில்லை. அண்ணனும் சொன்னபடி முடி, மீசை, தாடி மூன்றையும் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கு லீவும் எழுதிக் கொடுத்திருந்தார். கம்பெனி பெரிய மனதோடு அந்த நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை வண்டலூர் குடோன் வாசலில், புதிதாக மாட்டிய கேமராவின் முன் நின்றார். முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகும். அது அவரை யாரோ என்று நினைத்துச் சிவப்பு விளக்கைப் போட்டது. காவலாளி அன்புவுக்கு அவ்வளவு அறிவு கிடையாது. பார்த்ததும் அடையாளம் தெரிந்து கேட்டைத் திறந்துவிட்டான்.

அண்ணன் வழக்கம்போல ஆட்களை வேலை வாங்கி லாரிகளில் சரக்கு ஏற்றினார். அங்கே பில் போடுகிற நான், அவர் ஏற்றிய சரக்குக்கெல்லாம் பில் போட்டேன். மாலையில் இரண்டு பேரும் மாடிக்குப் போய் எச்.ஆர். மேடம் சுப்ரஜாவைப் பார்த்தோம்.

"ஜெயவேலு, சிஸ்டத்துல நீங்க இன்னைக்கு வரலையே?"

"இன்னா மேடம், உங்க எதிர்லதான நின்னுகினு கீறேன்?"

"எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியணும்ல? ஆப்ல ரிக்வெஸ்ட் போடுங்க, புது போட்டோ எடுத்துக்கலாம்."

அந்த ஆப்பும் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும். எந்த முகத்தை என்று கேட்காதீர்கள்.

"நீங்களே மாத்திடலாமே மேடம்?" என்றேன்.

"பாலிசின்னு ஒண்ணு இருக்கு சினேகா. ஒருத்தருக்குப் பண்ணா எல்லாரும் கேப்பாங்க."

ஊரே மொட்டையடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் என்று பயந்துவிட்டார், பாவம்.

ஒரு வாரம் அண்ணன் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போனார். வாரக் கடைசியில் மாடிக்குக் கூப்பிட்டார்கள். தகவல் சொல்லாமல் பணிக்கு வராததால், அவரே வேலையைக் கைவிட்டதாகக் கருதப்படுகிறது என்று ஒரு கடிதம். வராத ஆளின் கையிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சுப்ரஜா மேடம் கெட்டவர் இல்லை. அவரே இறங்கி வந்து ஆறுதல் சொன்னார்.

"கவலப்படாதீங்க. லோடிங் சூப்பர்வைசர் போஸ்ட் ஒண்ணு காலியா இருக்கு. அப்ளை பண்ணுங்க."

அது யாருடைய வேலை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

திங்கட்கிழமை நேர்காணல். பாலிசிப்படி இரண்டு பேர் இருந்து கேட்கவேண்டுமாம், என்னையும் உட்கார வைத்தார்கள்.

"எக்ஸ்பீரியன்ஸ்?"

"பதினோரு வருசம் மேடம். இங்கதான்."

"ரிலீவிங் லெட்டர் இருக்கா?"

"அத்த நீங்கதான தரணும்?"

"வேலையை விட்டு ஓடினவங்களுக்குத் தர முடியாதே. அப்போ ஃப்ரெஷர்னு போட்டுக்கறேன்."

புது ஆளுக்கான சம்பளம். பழையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆறு மாதம் தற்காலிகம். மேடம் பிரிண்ட் எடுக்கப் போன நேரத்தில் அண்ணன் கையைப் பிடித்தேன்.

"கையெழுத்துப் போடாதீங்கண்ணா. லேபர் ஆபீஸ் போலாம். தினமும் வந்தீங்கன்னு நான் வந்து சொல்றேன்."

"நீ சொல்லிட்டா உன் வேலையும் பூடும்மா. என் பொண்ணு பன்னெண்டாவது படிக்குது. கேஸு முடியறதுக்குள்ள அதுக்குப் பேரனே பொறந்துடுவான்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

கையெழுத்துப் போட்டார். மொட்டைத் தலையோடு புதுப் போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் காலை குடோனில் எல்லோரையும் நிற்க வைத்து, சுப்ரஜா மேடம் அண்ணனை நடுவில் கொண்டு வந்து நிறுத்தினார்.

"நம்ம ஃபேமிலிக்குப் புதுசா வந்திருக்கார், ஜெயவேலு. எல்லாரும் ஒரு வெல்கம் குடுங்க."

நாங்கள் கை தட்டினோம். அவரிடம் வேலை பழகினவர்கள்தான் பாதிப் பேர். என்ன செய்வதென்று தெரியாமல் ஜெயவேலு அண்ணனும் கூடவே தட்டினார்.