மிஸ்டர் சென்னின் பின் சீட்

மிஸ்டர் சென் என்று ஒருவர் சீனாவில் இல்லவே இல்லை என்பது நெடுஞ்செழியனுக்கு நன்றாகத் தெரியும். அவரைப் பெற்றெடுத்தவனே அவன்தான். ஹாங்சோ நகரம், வயது ஐம்பத்திரண்டு, துணி வியாபாரம், ஒரே மகள், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கார் வாங்கப் போகிறவர். இவ்வளவையும் 2003ஆம் வருஷம் மே மாதத்தில், டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் ஒரு மூன்றாவது மாடி அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே தயார் செய்து முடித்தான்.

பித்தலாட்டம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம்தான். ஆனால் அவன் இருந்த இருப்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த வட்டாரத்து டெலிகாம் கம்பெனிகள் இரண்டு வருஷமாக ஆட்களைக் கூடை கூடையாக வெளியே கொட்டிக்கொண்டிருந்தன. கொட்டப்பட்டவர்களில் நெடுஞ்செழியனும் ஒருவன். ஹெச்-ஒன் விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்தச் சமயம் பார்த்துக் கைகொடுத்தவர் கிரெக். பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன மார்க்கெட் சர்வே கம்பெனி அவருடையது. விசாவைத் தன் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டதோடு, க்ரீன் கார்டுக்கும் அப்ளை பண்ணுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நெடுஞ்செழியன் என்ற பெயர் வாயில் நுழையாததால் அவனை நெட் என்று கூப்பிடுவார். வேலை கொடுத்தவர் எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று அவனும் இருந்துவிட்டான்.

கிரெக்குக்கு அப்போது ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது. டெட்ராய்ட்டின் பெரிய கம்பெனி ஒன்று (பெயர் வேண்டாம்) கொரியாவில் உருவான ஒரு சின்ன செடான் காரை எடுத்து, முன்னால் தன்னுடைய க்ரில்லையும் பின்னால் தன்னுடைய பெயரையும் மாட்டி, சீனாவில் அமெரிக்கக் கார் என்று விற்கத் திட்டம் போட்டிருந்தது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. கார் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சீன வாடிக்கையாளருக்காக அந்தக் காரில் எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று ஒரு பட்டியல் வேண்டும். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றைக் கழித்தே ஆக வேண்டும் என்பது டெட்ராய்ட்டின் கண்டிப்பு.

அதற்காகச் சீனாவில் நூற்றிருபது பேரைப் பேட்டி எடுப்பதாக ஏற்பாடு. பதினெட்டுப் பேட்டிகள் வந்து சேர்ந்தன. அதற்குள் சார்ஸ் காய்ச்சல் வந்து, விமானம் ஏற ஆள் இல்லாமல் போயிற்று. கெடு நெருங்கியது. கிரெக் இவன் மேசைக்கு வந்து நின்றார்.

"நெட், நீ அந்தப் பக்கத்து ஆள்தானே? உனக்குத் தெரியாததா? விட்டுப்போனதை நீயே நிரப்பிவிடு" என்றார்.

நெடுஞ்செழியனுக்கு ஊர் கோபிச்செட்டிப்பாளையம். சீனாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், ரிச்சர்ட்சன் சைனா டவுன் கடையில் முருங்கைக்காய் மலிவாகக் கிடைக்கும் என்பதுதான். அதைச் சொல்லியிருக்கலாம். விசா நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டினான்.

அன்று சாயங்காலம் மனைவி கயலிடம் புலம்பினான். கயல் வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. ரிச்சர்ட்சனில் கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு ஒரு கேலன் பால்கூட எட்டாத தூரம்தான். அடுத்த வாரம் கத்துக்கொடுக்கிறேன் என்று நெடுஞ்செழியன் பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, எங்கப்பா புதுசா கார் வாங்கோணும்னு ஆறு மாசமா ஷோரூம் ஷோரூமா ஏறி எறங்கறாரு. அவர வேணும்னா கேளுங்களேன்" என்றாள் கயல். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவன் இந்தியாவுக்குப் பேசும் காலிங் கார்டைச் சுரண்டி உடனே போனைப் போட்டான். மாமனார் சுப்பையனுக்குக் கோபியில் ரைஸ்மில். கார் என்றதும் உற்சாகமாகிவிட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று வந்தது.

"மாப்ள, காரு வாங்கறவன் எங்கீங்க உக்காருவான்? பின்னாலதானுங்க! ஓட்டறதுக்குத்தான் டிரைவர் இருக்கறானே. முன்சீட்டு எப்படி இருந்தா நமக்கென்னங்க? பின்னால கை வெக்கறதுக்கு மெத்துனு ஒண்ணு வேணுமுங்க. பேப்பர் படிக்க ஒரு லைட்டு வேணுமுங்க. ஆரன் அடிச்சா சந்தைக்கே கேக்கோணும்!"

நெடுஞ்செழியன் விறுவிறுவென்று எழுதிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல் போன் பக்கமாகக் குனிந்தாள்.

"ஏம்ப்பா, பொண்ணுங்க ஓட்டறதா இருந்தா?"

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கண்ணு ஸ்டேரிங்கு? கூட்டிட்டுப் போக ஆளா இல்ல?"

சுப்பையன் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, 'குடும்பத்தில் பெண்கள் ஓட்டுவதில்லை' என்று அதையும் எழுதினான். போனை வைத்ததும் கயல், "என்னையக் கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்" என்றாள்.

"உன்னைய எதுக்குக் கேக்கோணும்? நீதான் ஓட்டறதே இல்லியே" என்றான் அவன். ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னான்.

சுப்பையன் அப்படித்தான் மிஸ்டர் சென் ஆனார். நூற்றிரண்டு பேட்டிகளுக்குப் பதிலாக, அத்தனை பேரையும் பிழிந்தெடுத்த மாதிரி ஒரே ஒரு மனிதர். கிரெக் எங்கிருந்தோ ஒரு புகைப்படத்தைப் பிடித்து அறிக்கையின் மேலே ஒட்டினார். அதற்குப் பிறகு டெட்ராய்ட்டில் எந்தக் கூட்டம் நடந்தாலும், மிஸ்டர் சென் இதற்கு என்ன சொல்வார் என்றுதான் பேச்சு. பின் சீட்டுக்குக் கை வைக்கும் மெத்தை வந்தது. தலைக்கு மேலே படிக்கும் விளக்கு வந்தது. அவற்றுக்கு ஈடாக, ஓட்டுநர் சீட்டை உயர்த்தி இறக்கும் லீவர் போயிற்று. சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு?

நெடுஞ்செழியனுக்கு அப்போதாவது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது. கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவனிடம் கத்திக்கொண்டிருந்த மாமனாரின் சொல்லுக்கு டெட்ராய்ட் கட்டுப்படுகிறதே! கிரெக் க்ரீன் கார்டுக்கு வக்கீலைப் பார்த்துவிட்டதாகவும் சொல்லியிருந்தார்.

நவம்பரில் சீனாவிலிருந்து, டெட்ராய்ட்டோடு சேர்ந்து காரைத் தயாரிக்கப் போகிற கம்பெனியின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். டெட்ராய்ட்டிலிருந்தும் இரண்டு பேர். மாதிரிக் கார் ஒன்றை அமெரிக்க க்ரில்லோடு பார்க்கிங்கில் நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்களில் லியூ என்ற இன்ஜினியர் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். குள்ளமான உருவம். மற்றவர்கள் பின் சீட்டின் மெத்தையைத் தடவிப் பாராட்டிக்கொண்டிருக்க, அவள் நேராக முன்கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்குக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. இடது கையைக் கீழே விட்டு எதையோ தேடினாள்.

"இதில் லீவர் இருந்ததே, எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மீட்டிங்கில் அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள். கிரெக் சிரித்த முகத்தோடு மிஸ்டர் சென்னைத் திரையில் காட்டினார்.

"நான் ஷாங்காயில் தினமும் காலையில் இப்படி ஒரு சின்னக் காரை ஓட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்" என்றாள் லியூ. "என் சிநேகிதிகள் இரண்டு பேர் இந்த வருஷம் வாங்கினார்கள். டிரைவர் வைத்துக்கொள்கிறவர் பெரிய காராக வாங்குவார். இதை வாங்கப் போவது நாங்கள். இந்தச் சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு ரோடு தெரியவில்லை."

"நல்ல கருத்து," என்றார் கிரெக். "ஆனால் இது ஒருவருடைய அபிப்பிராயம். எங்கள் ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது."

டெட்ராய்ட்காரர்கள் தலையை ஆட்டினார்கள். லியூ திரையில் இருந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பொதுவாகக் கேட்டாள்: "இந்த மிஸ்டர் சென்னுக்கு மகளே கிடையாதா?"

"இருக்கிறாள்" என்றான் நெடுஞ்செழியன்.

அவனை அறியாமல் வாயிலிருந்து விழுந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிரெக்கின் பார்வையில் எச்சரிக்கை இருந்தது. நெடுஞ்செழியன் மனசுக்குள் கணக்குப் போட்டான். இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலே பேசினால் வேலை போகும். வேலை போனால் விசா போகும், கயலையும் கூட்டிக்கொண்டு கோபிக்குத் திரும்ப வேண்டியதுதான். பேசாமல் இருந்தால் போவது ஒரு லீவர் மட்டும். ஆனால் எதிரே ரத்தமும் சதையுமாக ஒரு சீனத்துப் பெண், தான் ஓட்டும் காரைப் பற்றிச் சொல்கிறாள். அவள் வாயை அடைப்பதற்கு, பிறக்கவே பிறக்காத ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நிறுத்தியது யார்? அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

எழுந்து நின்றான்.

"மிஸ்டர் சென் ஹாங்சோவில் இல்லை. அவர் என்னுடைய மாமனார். இந்தியாவில் கோபிச்செட்டிப்பாளையம் என்ற ஊரில் ரைஸ்மில் வைத்திருக்கிறார். அவருக்குச் சீனாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. பதினெட்டுப் பேட்டிகள் மட்டும்தான் நிஜம்" என்றான்.

கிரெக்கின் முகம் சிவந்தது. அவனைத் தோளில் தொட்டு வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திட்டவில்லை. திங்கட்கிழமை வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பெட்டியில் சாமான்களை எடுத்துப் போட்டுக்கொண்டு அவன் அந்த அறையைத் தாண்டும்போது, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தான். டெட்ராய்ட் ஆள் ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு லியூவை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

மூணு மணிக்கே வீட்டுக்கு வந்து நின்றவனைப் பார்த்துக் கயல் பயந்துபோனாள். அவன் ஷூவைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னான். வேலை போனதை முதலில் சொன்னான். டிசம்பருக்குள் வேறு யாராவது விசாவை எடுத்துக்கொள்ளாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்றான். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அழவில்லை.

"அப்ப இத்தன மாசமா அவங்க எல்லாரும் அப்பா சொன்னதத்தான் கேட்டுட்டிருந்தாங்களா?"

"ஆமா."

கயல் சோபாவில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுல இருபத்தாறு வருசமா அப்பா சொல்றது மட்டுந்தானுங்க நடந்துச்சு. ஸ்கூட்டி கேட்டேன், வேண்டாம்னாரு. மேல படிக்கறேன்னேன், வேண்டாம்னாரு. இங்க வந்தா அதெல்லாம் இருக்காதுன்னு நெனச்சேன். நீங்க அவரச் சீனாவுக்கே அனுப்பி வெச்சுட்டீங்க."

"தப்புதான் கயலு."

"வேல போனா போகுது, வேற தேடிக்கலாம். நாலு பேரு முன்னால உண்மையச் சொன்னீங்க, அது எனக்குச் சந்தோசந்தான். ஆனா அன்னிக்கு நான் பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தேன். பத்தாயிரம் மைலு தள்ளி இருக்கற அப்பாவுக்குப் போன் போட்டீங்க. என்னைய ஒரு வார்த்த கேக்கலியே."

கண் கலங்கியது இப்போதுதான். விசாவுக்குக் கலங்காத கண். மீட்டிங்கில் வந்த தைரியம் நெடுஞ்செழியனுக்கு இங்கே வரவில்லை. அவள் சொன்னதில் மறுப்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"சரி, இப்பக் கேக்கறேன். சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

கயல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பதினான்கு மாதமும், அதற்கு மேல் ஆறு மாதமும் சேர்த்து வைத்ததில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்த மாதிரி இருந்தது.

"கேட்டா மட்டும் போதாதுங்க" என்றாள். "எழுதுங்க."