கஞ்சன் பூக்கிற வாரம்

பம்பு தன் அக்காவின் தொட்டிச் செடியை விரலால் லேசாகத்தான் தள்ளிப் பார்த்தார். அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. மேலே ஊசி ஊசியான இலைகள் இன்னும் பச்சையாகத்தான் இருந்தன. அடியில், வேர் தொடங்குகிற கழுத்து கறுத்து, தேநீரில் ஊறிய பிஸ்கட்டைப் போலப் பிசுபிசுத்தது. மொட்டுகளில் ஒன்றுகூட விரிந்திருக்கவில்லை. எல்லாம் காம்போடு கருகியிருந்தன.

மணி ஒன்பதரை. பதினொரு மணிக்கு அக்காவை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பது வருஷம் சோதனைக்குழாய் கழுவி அடுக்கியவள் அக்கா. ஓய்வு பெற்றதும் பின்முற்றத்தில் கல்தொட்டிகளை வரிசையாக வைத்து, மலையுச்சிப் பாறை இடுக்குகளில் முளைக்கிற செடிகளை வளர்க்க ஆரம்பித்தாள். நடுக்கோடையில், மற்ற வீட்டுத் தோட்டங்கள் எல்லாம் சோர்ந்து கிடக்கும்போது, அவள் முற்றம் பூத்துக் கிடக்கும். இந்த ஒன்று மட்டும் அழுத்தம் பிடித்தது. விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்து முளைக்கவைத்து, ஒன்பது வருஷம் வளர்த்தும் ஒரு பூவைக்கூடக் காட்டவில்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரந்து, தட்டினால் சத்தம் கேட்கும்படி இறுகியதுதான் மிச்சம். அதனால் அதற்குக் கஞ்சன் என்று பெயர் வைத்திருந்தாள். இந்தக் கோடையில்தான் கஞ்சன் மனசு இளகி மொட்டு விட்டது. மூன்றாம் நாளே அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது.

"மேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுடா," என்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே சொன்னாள். "வெயில்ல வாடுற மாதிரி தெரியும். ஏமாந்துடாத."

ஏமாந்தார். தீயணைப்பு நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் பம்பை இயக்கிய மனுஷன், ஊரில் கூப்பிடுகிற பெயரே பம்புதான், காய்கிற செடியைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பார்? பன்னிரண்டு நாளும் சாயங்காலம் ஒரு குவளை, தலையோடு ஊற்றினார். பாசத்தோடுதான் ஊற்றினார்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஒன்றிரண்டு நாள்தான் என்று டாக்டர் சொன்னபோது, அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாளாம். "அப்போ என்னை வீட்டுக்கு விடுங்க. என் கஞ்சன் பூத்திருப்பான்," என்றாளாம்.

"மாமா, என்ன கையில?"

அக்கா மகள் பின்வாசலில் நின்றாள். கட்டிலுக்கு விரிப்பு போட முன்கூட்டியே வந்திருந்தவள். பம்புவின் உள்ளங்கையில் கிடந்ததைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"வாடிக் கிடந்துச்சும்மா..."

"ஐயோ மாமா! அவங்க உங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு விஷயம். சும்மா இருங்கன்னு. அதுகூட முடியலையா?"

பம்பு செடியைத் தொட்டியோரமாக வைத்தார்.

"அம்மாவுக்கு இது தெரியவே கூடாது," என்றாள். "இதுக்காகத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. சொன்னீங்கன்னா உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

பம்பு ஸ்கூட்டரை எடுத்தார். நர்சரியில் அதே வகைச் செடிகள் மூன்று பூத்திருந்தன. ஒவ்வொன்றும் டம்ளர் வாய் அளவு.

"ஒரு தொட்டிக்கு ஒண்ணு போதுமே," என்றாள் நர்சரிக்காரம்மா.

"மூணும் குடுங்க. சேத்து வச்சா பெருசா தெரியும்ல?"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும்போதே பத்தரை ஆகிவிட்டது. மூன்றையும் நெருக்கி ஒரே மேடாக அமுக்கினார். அவசரத்தில் கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது. சுற்றிலும் கல்சில்லுகளை இறைத்துக்கொண்டிருந்தபோது முன்வாசலில் வண்டி வந்து நின்றது. பழைய கஞ்சனைச் செய்தித்தாளில் சுற்றிக் குளியலறை வாளிக்குப் பின்னால் திணித்தார்.

அக்கா பாதியாகியிருந்தாள். ஆனால் வாய் மட்டும் அப்படியே இருந்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவரிடம், "மெதுவாப்பா, நான் என்ன அரிசி மூட்டையா?" என்றாள். சக்கரம் வைத்த கட்டிலில் கிடத்தியதும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"பின்பக்கம் தள்ளுங்க."

"கொஞ்ச நேரம் தூங்கும்மா," என்றாள் மகள்.

"தூங்கத்தானே போறேன். தள்ளு."

கட்டில் பின்வாசலை ஒட்டி நின்றது. படிக்குப் பக்கத்திலேயே அந்தத் தொட்டி. வெயில் நேராக விழுந்தது. இளஞ்சிவப்புப் பூக்கள் காகிதம் மாதிரி நின்றன. அக்கா நெடுநேரம் பார்த்தாள். மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்தது.

"பூத்துட்டான்," என்றாள்.

மகள் பம்புவைப் பார்த்தாள். பம்பு சுவரைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்துனியாடா?"

"இல்லக்கா."

"நல்லவேளை." கண்ணைச் சுருக்கினாள். "ஒரு பக்கம் வெளிறுன மாதிரி இருக்கே?"

"வெயில்மா," என்றாள் மகள் அவசரமாக.

அக்கா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மெல்ல நீட்டினாள். கண் மங்கியிருக்கலாம், அந்தக் கைக்குத் தெரியாதா? தட்டினால் சத்தம் கேட்கிற செடி எங்கே, தொட்டால் ஆடுகிற இந்த மூன்று எங்கே! விரல்கள் படியைத் தாண்டின. இன்னும் ஒரு சாண் தூரம்தான். அறுபது வருஷமாக இந்த அக்காவிடம் எந்தப் பொய்யும் அவருக்குப் பலித்ததில்லை. கடைசியாக ஒன்று பலித்துவிட்டால் அதைவிடக் கேவலம் வேறில்லை என்று தோன்றியது.

"தொடாதக்கா."

கை நின்றது.

"அது கஞ்சன் இல்ல. கஞ்சன் செத்துட்டான். நான்தான் தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன்."

"மாமா!" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது அப்படியே அந்தரத்தில் நின்றது.

"பூத்தானா?"

நாலு பூ பூத்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லக்கா. மொட்டோட கருகிடுச்சு."

"ஒம்பது வருஷம்டா," என்றாள் அக்கா. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் திரும்பினாள். பம்பு படியில் உட்கார்ந்து அழுதார். சத்தம் வராமல் அழத் தெரியாத மனுஷன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார்.

"போதும் நிறுத்து," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "இதையும் ஊறவச்சுடாத."

பம்பு முகத்தைத் துடைத்தார்.

"பம்புக்காரன் கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். எத்தனை வாங்கிட்டு வந்த?"

"மூணு."

"மூணையும் ஒண்ணா நெருக்கினா மூணும் போயிடும். ரெண்டை எடு." மூச்சு வாங்கினாள். "கழுத்துவரைக்கும் புதைச்சிருக்க பாரு. மடையா. எடு. வேர்ல ஒட்டிக்கிட்டிருக்க நர்சரி மண்ணைப் பூராவும் அலசு."

அவர் எடுத்தார். அலசினார். வேர்கள் வெள்ளை நூலாய்த் தொங்கின.

"ஒண்ணை மட்டும் நடு. ஏத்தி நடு. இன்னும் ஏத்து. கழுத்து மண்ணைத் தொடவே கூடாது. சுத்திக் கல்லுதான்."

இப்படி ஒவ்வொன்றாக, மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு, திட்டிக்கொண்டே இருந்தாள். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கக் கேட்கப் பம்புவுக்கு உயிர் வந்தது. முப்பத்தோரு வருஷத்தில் எந்தத் தீயின் முன்னாலும் இவ்வளவு கவனமாக அவர் நின்றதில்லை. ஊசி இலைகள் குத்திக் கட்டைவிரலில் ரத்தம் வந்தது. சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைச் சுற்றி முட்டுக் கொடுத்தார்.

"இப்போ சரியாக்கா?"

வெயில் தொட்டியின் விளிம்பைத் தாண்டிப் படியில் ஏறியிருந்தது. பின்னால் கட்டிலில் அக்காவின் மூச்சின் கரகரப்பு இல்லை.

"அக்கா, சரியா பாரு."

கட்டிலில் போர்வையை இழுத்து மூடுகிற சரசரப்பு வந்தது. அப்புறம் மகளின் குரல், தணிந்து, மிக அருகில் கேட்டது.

"சரியா இருக்கு மாமா."

பம்பு திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு சில்லை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துவிட்டு, செடியின் கழுத்தடியில் வைத்தார்.